சதுர வைரம் வாங்கப் போறீங்களா? பேருக்குக் காசு கொடுக்காதீங்க!

கல்யாண மோதிரத்துக்குச் சதுர 'ஸ்டெப் கட்' வைரம் பார்த்தா, மூணு பேர் காதுல விழும்.

ஆஷர்: 1902-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் வடிவமைச்சது. 58 பட்டைகள்; மூலைகள் வெட்டியிருக்கும்.

ராயல் ஆஷர்: அதே குடும்ப நிறுவனம் 2001-ல் கொண்டு வந்தது. 74 பட்டைகள். சொந்த பிராண்ட் என்பதால் பேருக்கும் சேர்த்துதான் விலை.

காரே: மூலை வெட்டாத சதுரம். பெரும்பாலும் பக்கக் கல்லா வைக்கிற சின்ன கல்.

ஜிஐஏ சான்றிதழ்ல சாதாரண ஆஷரை 'ஸ்கொயர் எமரால்டு கட்'னு போட்டிருப்பாங்க. பதற வேண்டாம், அதேதான்.

இப்போ முக்கியமான விஷயம். ரவுண்ட் வைரத்துல இருக்கிற மினுமினுப்பு சின்னச் சின்னக் குறைகளை மறைச்சிடும். ஸ்டெப் கட் ஜன்னல் கண்ணாடி மாதிரி. உள்ளே புள்ளி இருந்தா அப்படியே தெரியும். அதனால கிளாரிட்டியில் விஎஸ்2-க்குக் கீழே இறங்காதீங்க.

அளவையும் பாருங்க. 1 காரட் ரவுண்ட் சுமார் 6.5 மி.மீ. இருக்கும், ஆஷர் ஆழமான கல், அதனால சுமார் 5.5 மி.மீ.தான். அதே எடை, பார்வைக்குச் சின்னது.

ஆக, பட்ஜெட்டுல முதல்ல கிளாரிட்டி, அப்புறம் காரட், கடைசியாத்தான் பிராண்ட். முதலீடுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க: நகைக்குக் கட்டுற 3% ஜிஎஸ்டியும் செய்கூலியும் விற்கும்போது திரும்பி வராது.