மேகம் மேய்க்கலாம் வாங்க!

செமஸ்டர் பிராக்டிகல். காலை ஒன்பதரை மணி. லேப் வாசலில் அறுபது பேர் ரெக்கார்டு நோட்டும் கையுமாக நிற்கிறோம். உள்ளே ஒரு சிஸ்டமும் லாகின் ஆகவில்லை. கரண்ட் இருக்கு, கேபிள் சரியா இருக்கு. முந்தின நாள் ராத்திரி சர்வரில் டிஸ்க் போயே போச்சு. புது டிஸ்க் மாட்டியாச்சு. ஆனால் அந்த சர்வரை முதன்முதலில் எப்படி செட் பண்ணினார்கள் என்று தெரிந்த ஒரே அண்ணன், ஆறு மாதம் முன்பே வேலையை விட்டு பெங்களூரு போய்விட்டார். போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேன்டா, சாயங்காலம் பேசறேன்" என்கிறார். எக்ஸாம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. எந்த காலேஜ் என்று மட்டும் கேட்காதீங்க பாஸ். உங்க காலேஜிலும் நடந்திருக்கும்!

மேல்விஷாரத்துக்காரர்களுக்கு இது பழகின கதைதான். எந்தத் தோலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு குரோம், டிரம் எத்தனை மணி நேரம் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் ஒரு காலத்தில் மேஸ்திரியின் கைப்பக்குவம். அவர் பக்கத்து டேனரிக்கு மாறினால் பக்குவமும் கூடவே போய்விடும். தோலின் எடையில் இத்தனை சதவிகிதம் என்று காகிதத்தில் எழுதி வைத்த பிறகு, ஷிப்டுக்கு யார் வந்தாலும் ஏறக்குறைய அதே தோல்தான் வெளியே வரும். சர்வர் விஷயத்தில் இப்படி எழுதி வைப்பதற்குப் பேர் ஆட்டோமேஷன். எழுதியதைப் படித்து வேலை செய்வதும் கம்ப்யூட்டரே என்பதுதான் இதில் கூடுதல் வசதி.

இது எங்கே அவசியமாகிறது தெரியுமா? பிரைவேட் கிளவுடில். அதாவது சொந்த மேகம். நம்ம ஊர் டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன டேனரி ஒவ்வொன்றும் தனித்தனியாக பிளான்ட் கட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் சேர்ந்து ஒன்றைக் கட்டி, அவரவர் கழிவு நீரை அதற்கு அனுப்புகிறார்கள். அதேபோல ஒரு நிறுவனத்தின் டிபார்ட்மென்ட்டுகளில் சிதறிக் கிடக்கும் சர்வர்களை எல்லாம் ஒரே குளமாக்கி, கேட்பவர்களுக்குக் கேட்ட அளவில் துண்டு போட்டுக் கொடுப்பது பிரைவேட் கிளவுட். பிரவுசரில் ஒரு ஃபார்ம் நிரப்பினால் சில நிமிடங்களில் உங்களுக்கு ஒரு மெஷின் ரெடி. அமேசானுக்கு மாத வாடகை கிடையாது. டேட்டாவும் காம்பவுண்டைத் தாண்டாது.

இதற்கான பிரபல மென்பொருள் ஓப்பன்ஸ்டாக். நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து 2010-ல் தொடங்கியது, இலவசம். "இலவசம்னா அப்புறம் என்ன, போட்டுடலாமே!" என்று கிளம்பிவிடாதீர்கள். உள்ளே போனால் ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறது. மெஷின் ஒதுக்க நோவா, நெட்வொர்க்குக்கு நியூட்ரான், டிஸ்குக்கு சிண்டர், "யாருப்பா நீ?" என்று வாசலில் கேட்க கீஸ்டோன். இவை அத்தனையும் எல்லா சர்வரிலும் ஒன்றோடொன்று பொருந்திப்போக வேண்டும். ஒரு ஃபைலில் ஒரு வரி மாறினாலும் மாமியார் மருமகள் சண்டைதான். போதாததற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது வெர்ஷன் வேறு. இருபது சர்வரில் இதைக் கையால் செய்து பாருங்கள், கல்யாண வயசு தாண்டிவிடும்!

பெரிய ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடம் 2013-ல் ஓப்பன்ஸ்டாக் மேகத்தை ஓட்ட ஆரம்பித்தது. அது 3 லட்சம் பிராசசர் கோர்களுக்கு மேல் வளர்ந்தது. ஆட்களைக் கூட்டாமல் மெஷினைக் கூட்ட வேண்டிய கட்டாயம். பப்பெட் என்ற ஆட்டோமேஷன் கருவியைக் கையில் எடுத்தார்கள். கூடவே பார்வையையும் மாற்றினார்கள். வீட்டில் பேர் வைத்து வளர்க்கிற மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கஷாயம் கொடுப்போம். செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையில் நிற்கும் மாடுகளுக்கு நாம் பேர் வைப்பதில்லை. சர்வரும் மந்தை மாதிரி இருக்கட்டும், ஒன்று படுத்துவிட்டால் அந்த இடத்தில் இன்னொன்றை நிறுத்து, அவ்வளவுதான். எங்கள் லேப் சர்வர் பேர் வைத்து வளர்த்த மாடு. அதான் அன்று எல்லோரும் திண்டாடினோம்.

நடைமுறையில் நடப்பது இதுதான். வெறும் சர்வரை கேபிளில் மாட்டி ஆன் பண்ணுகிறீர்கள். அதன் நெட்வொர்க் கார்டு "எனக்கு ஒரு அட்ரஸ் கொடுங்க" என்று குரல் கொடுக்கும். அட்ரஸோடு பூட் ஃபைலும் நெட்வொர்க் வழியாகவே வரும். சிடி, பென்டிரைவ் எதுவும் வேண்டாம், லினக்ஸ் தானாக ஏறிவிடும். அடுத்து அன்சிபிள் போன்ற கருவி உள்ளே நுழையும். "வெப் சர்வர் இருக்க வேண்டும், இந்த யூசர் இருக்க வேண்டும், இந்த போர்ட் மூடியிருக்க வேண்டும்" என்று நீங்கள் எழுதியிருக்கும் ஃபைலைப் படிக்கும். இல்லாததை மட்டும் செய்யும், இருப்பதைத் தொடாது. அதே ஃபைலைப் பத்து முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

நம்ம நாட்டிலும் இது ஓடுகிறது. மத்திய அரசின் தேசிய தகவல் மையம் 2014-ல் மேகராஜ் திட்டத்தில் தேசிய கிளவுடைத் தொடங்கியது. சென்னை டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் மையம், திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு மேக்தூத் என்ற பிரைவேட் கிளவுட் தொகுப்பை உருவாக்கியது. டெல்லி ஐ.ஐ.டி. தனக்காகவே 'பாதல்' என்று ஒன்றை வைத்திருக்கிறது (இந்தியில் பாதல் என்றால் மேகம். பேர் வைப்பதில் நம்மாட்கள் கில்லாடிகள்). இந்த வேலைக்கு இன்னொரு பக்கமிருந்தும் கிராக்கி. வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. ஒரே தடவை பணம் கட்டி நிரந்தரமாக லைசென்ஸ் வாங்கும் முறையை அடுத்த மாதமே நிறுத்திவிட்டது. அதன் பிறகு இலவச மாற்று தேடுகிற கம்பெனிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டுமே?

ஒரு எச்சரிக்கை. கையால் செய்தால் தப்பு ஒரு சர்வரோடு நிற்கும். ஆட்டோமேஷனில் அதே தப்பு எல்லா சர்வருக்கும் ஒரே வேகத்தில் போகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களின் இணைப்பையே துண்டித்துவிட்டது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய கருவியிலும் ஒரு பக். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் அவுட். தென்கொரியாவின் டேஜோனில் நடந்தது இன்னும் மோசம். 2025 செப்டம்பரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் ஃபைல்கள் சாம்பல். வெளியே பேக்கப் இல்லை. சர்வரை எப்படிக் கட்டுவது என்பதை ஃபைலில் எழுதி வைக்கலாம். டேட்டாவை அப்படி எழுதி வைக்க முடியாது, வேறு இடத்தில் காப்பி வைத்தே ஆக வேண்டும்.

சரி, நீங்கள் எங்கே ஆரம்பிப்பது? வீட்டில் அண்ணனோ அக்காவோ பள்ளிக்கூடத்தில் வாங்கிய அரசு லேப்டாப் தூசி படிந்து கிடக்கிறதா? அதில் லினக்ஸ் போடுங்கள். அன்சிபிளை லினக்ஸில் இருந்து ஓட்டலாம். உங்கள் ஹாஸ்டல் ரூம்மேட் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு குட்டி லினக்ஸ் மெஷின். அதில் பைத்தானும் எஸ்.எஸ்.எச்.சும் இருந்தால் போதும். பழைய லேப்டாப்பில் இருந்து அந்த மெஷினில் ஒரு வெப் சர்வர் ஏற்ற ஃபைல் எழுதுங்கள். முதல் நாள் முழுக்க ஸ்பேஸ் தப்பு என்றே எர்ரர் வரும், கவலைப்படாதீர்கள். அந்த ஃபைலில் இடது ஓரத்து இடைவெளிக்குக்கூட அர்த்தம் உண்டு.

ஓடிவிட்டதா? இப்போது அந்த மெஷினை மனசைத் திடப்படுத்திக்கொண்டு அழியுங்கள். புதுசாக ஒன்றை உருவாக்கி, அதே ஃபைலை மறுபடி ஓட்டி, எத்தனை நிமிடத்தில் பழையபடி எழுந்து நிற்கிறது என்று வாட்சில் பாருங்கள். எனக்கு முதல் தடவை 40 நிமிடம். போன வாரம் 11.