மதகுகளுக்கும் பம்புகளுக்கும் கணிப்பொறி வழியாக நேரும் அபாயம்

மதகின் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்துவிட்டு உறங்கச் செல்லும் நீர்க்கட்டி நம் கிராமங்களில் ஒருவனும் இரான். இக்காலத்திலோ பெரிய அணைகளின் மதகுகளும், மின்சார நிலையங்களும், குடிநீர்ப் பம்புகளும் பல தேசங்களில் கணிப்பொறியின் மூலம் தூரத்திலிருந்தே இயக்கப்படுகின்றன. இவற்றிற்குச் சாவியாவது கடவுச்சொல் என்னும் இரகசிய வார்த்தை. அதனைக் கண்டுகொண்டவன் கடலுக்கப்பாலிருந்தும் மதகைத் திறக்கக்கூடும். அந்நிய அரசாங்கங்கள் சில இவ்வேலைக்கென்றே ஆட்களை அமர்த்தியிருக்கின்றன. இதற்கு இரு திருஷ்டாந்தங்கள் கூறுவோம்.

நார்வே தேசத்தில் பிரெமாங்கர் என்னுமிடத்திலுள்ள அணையின் மதகு, 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அந்நியரால் இவ்விதம் திறக்கப்பட்டது. வினாடிக்குச் சுமார் 500 லிட்டர் வீதம் நான்கு மணி நேரம் நீர் வீணாயிற்று. தெய்வாதீனமாகச் சேதமில்லை. இது ரஷியச் சார்புடையோர் செயலென அந்நாட்டு உளவுப் போலீஸ் தலைவி ஆகஸ்டில் பகிரங்கமாகக் கூறினார், ரஷியா மறுத்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து அலிக்விப்பா என்னும் சிற்றூரில், 2023-ம் வருஷம் நவம்பரில், குடிநீரின் அழுத்தத்தைக் காக்கும் யந்திரம் ஈரானியப் படையைச் சார்ந்தோரால் கைப்பற்றப்பட்டது. ஊழியர்கள் உடனே கையினால் இயக்கியமையால் நீர் தடைப்படவில்லை. அவ்வகை யந்திரங்களில் தொழிற்சாலையிலிட்ட 1111 என்னும் கடவுச்சொல்லை மாற்றும்படி அந்நாட்டு ஸர்க்கார் எச்சரிக்கை விடுத்தது.

நம் தேசத்திலும் ஸர்க்கார் வாளாவிருக்கவில்லை. கணிப்பொறி அபாயங்களைக் கவனிக்கும் செர்ட்-இன் ஸ்தாபனம் 2004-லும், மின்சாரம் முதலிய இன்றியமையாத அமைப்புகளைக் காக்கும் தனி மையம் 2014-லும் ஏற்பட்டன. தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டுமென 2022-ல் உத்தரவாயிற்று. கூடங்குளத்தில் 2019-ல் நிர்வாகக் கணிப்பொறியொன்றில் தீய மென்பொருள் காணப்பட்டது. ஆயினும், உலையை நடத்தும் யந்திரங்கள் வெளித்தொடர்பின்றித் தனித்திருந்தமையால் அவற்றிற்குத் தீங்கில்லையென அணுமின் கழகம் அறிவித்தது.

ஆயினும் ஒவ்வொரு கிராமத்துப் பம்பையும் தலைநகரிலிருந்து காத்தல் இயலாது. ஆகையால் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கீழ்க்கண்டவற்றை அனுசரிப்பது நலம்:

(1) மொபைல் ஸ்டார்ட்டர் முதலியவற்றில் கம்பெனியார் இட்ட கடவுச்சொல்லை, பொருத்திய அன்றே மாற்றிவிடுக.

(2) பழுது பார்க்க வந்தவரிடம் அதனைக் கூற நேர்ந்தால், அவர் சென்றபின் மறுபடி மாற்றுக.

(3) கையினால் இயக்கும் சுவிட்சையும் மதகுச் சக்கரத்தையும் கழற்றிவிடாமல், எண்ணெயிட்டு வைத்து, இருவருக்கேனும் பழக்கி வைக்க.

(4) பம்போ மதகோ தானே இயங்கக் கண்டால், நேரத்தைக் குறித்து, உரிய இலாகாவிற்கு உடனே தெரிவிக்க.

யந்திரம் எத்துணைப் புதிதாயினும் காவல் பழையதே.