வலி மாத்திரைக்கு மாற்றா கஞ்சா?

கஞ்சாவை மருந்தாக அனுமதித்தால் வலி மாத்திரைச் சாவுகள் குறையுமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஐந்தாண்டு இடைவெளியில் நேரெதிரான இரண்டு விடைகள் வந்தன.

1990-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளை மருத்துவர்கள் தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள். முதுகுவலிக்கு வாங்கிச் சாப்பிட்டவர்களில் பலர் அதற்கு அடிமையானார்கள். அளவு மீறினால் இந்த மருந்து, மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியை முடக்கிவிடும். தூக்கத்திலேயே உயிர் போய்விடலாம். கஞ்சாவின் வேதிப்பொருள் வேலை செய்யும் ஏற்பிகளோ அந்தப் பகுதியில் மிகக் குறைவு. கஞ்சாவை மாற்றாகப் பார்க்கலாமே என்ற யோசனைக்கு இது தெம்பூட்டியது.

கலிஃபோர்னியா 1996-லேயே வாக்கெடுப்பு நடத்தி மருத்துவக் கஞ்சாவை அனுமதித்திருந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1999 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தது 2014-ல் வெளியான ஓர் ஆய்வு. அனுமதித்த மாநிலங்களில் ஓபியாய்டு சாவு விகிதம் சராசரியாக 24.8 சதவீதம் குறைவு என்றது. கஞ்சாச் சட்டம் கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல வாதம் கிடைத்திருக்காது.

அதே கணக்குமுறையை 2017 வரை நீட்டித்து 2019-ல் இன்னொரு குழு பார்த்தபோது முடிவு தலைகீழானது: 22.7 சதவீதம் அதிகம்! அதற்காகக் கஞ்சாதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குழுவே சொல்லவில்லை. அப்போது மருத்துவக் கஞ்சா எடுத்தவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 2.5 சதவீதம்தான். அவ்வளவு சிறிய கூட்டம் மாநிலத்தின் மொத்தச் சாவுக் கணக்கையே புரட்டிப்போடும் என்பதை நம்புவது கடினம். இடையில் ஃபென்டனில் என்ற வீரியமிக்க ஓபியாய்டு வேறு கள்ளச்சந்தையில் புகுந்து சாவுகளைப் பெருக்கியிருந்தது. மாநிலச் சராசரியை வைத்து நோயாளியின் கதையைச் சொல்லப்போனதுதான் கோளாறு என்பேன்.

நோயாளிகளையே பின்தொடர்ந்த ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. புற்றுநோய் அல்லாத தீராவலிக்கு ஓபியாய்டு எடுத்துவந்த சுமார் 1,500 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கஞ்சா எடுத்தவர்கள் மாத்திரையைக் குறைத்ததாகவோ நிறுத்தியதாகவோ சான்று கிடைக்கவில்லை.

தீராவலி சிலருக்குக் கஞ்சாவால் ஓரளவு தணிகிறது என்பது வேறு சங்கதி. வலி தணிவதாலேயே உடல் பழகிப்போன மாத்திரையை விட்டுவிட முடியாது. திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எனப் பாடாய்ப்படுத்தும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அரசுகள் ஆய்வுகளுக்காகக் காத்திருக்கவில்லை. ஓபியாய்டு சீட்டு பெறத் தகுதியுள்ளவர்கள் அதற்குப் பதிலாகக் கஞ்சா வாங்கலாம் என்ற திட்டத்தை இலினாய் மாநிலம் தொடங்கியதும், முடிவு தலைகீழான அதே 2019-ல்தான்.