மங்கும் பார்வையும் மறைத்து வைத்த நோயும்

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பார்வை மங்கினால் முதலில் போவது மூக்குக்கண்ணாடிக் கடைக்குத்தான். பவர் கூடியிருக்கும், இல்லையென்றால் கண்புரை, அதுவும் இல்லையென்றால் இனிப்புநீர் கண்ணைப் பிடித்துவிட்டது என்று வீட்டிலுள்ளவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். ஆனால், மார்பகத்திலோ நுரையீரலிலோ எப்போதோ புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவர் என்றால் கணக்கு வேறு. அந்த நோய் இரத்தத்தின் வழியே கண்ணுக்குள் வந்திருக்கக்கூடும்.

கண்ணில் புற்றுநோய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, குழந்தைகளின் கருவிழிக்குள் வெள்ளையாக மின்னும் நோய். அது கண்ணிலேயே பிறப்பது. பெரியவர்களின் கண்ணுக்குள் காணப்படும் புற்றுநோயில் மிகுதியானவை அங்கே பிறந்தவை அல்ல. வேறு உறுப்பிலிருந்து வந்து குடியேறியவை.

இத்தனை சிறிய கண்ணைத் தேடி ஏன் வரவேண்டும்? விடை இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. கண்ணின் வெள்ளை உறைக்கும், காட்சியைப் பதிவு செய்யும் விழித்திரைக்கும் நடுவே கோராய்டு என்னும் மெல்லிய இரத்தக்குழாய்ப் படலம் உண்டு. கண்ணுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு இந்தப் படலத்துக்கே செல்கிறது. மூல உறுப்பிலிருந்து பிரிந்த புற்றுநோய் உயிரணுக்கள் இரத்தத்தோடு வந்து, இந்த நுண்குழாய்களில் சிக்கி, அங்கேயே வளரத் தொடங்குகின்றன.

வளரும் கட்டியைச் சுற்றி நீர் கசிந்து விழித்திரையைத் தூக்கிவிடும். சுவரில் ஈரம் ஊறினால் ஒட்டிய தாள் உப்பி எழுவதைப் போன்றது இது. அப்போதுதான் பார்வை மங்குகிறது. வாசல் கிரில்லின் நேர்க்கம்பிகள் வளைந்து தெரியும். கண்ணை மூடினாலும் மின்னல் வெட்டுவது போலிருக்கும்; கொசு பறப்பது போன்ற புள்ளிகள் மிதக்கும்; பார்வையின் ஒரு பகுதியில் நிழல் விழும். வலி பெரும்பாலும் இருக்காது. வலி இல்லாததே ஆளை ஏமாற்றிவிடுகிறது. ஒரு கண் நன்றாகத் தெரியும்வரை மற்ற கண்ணின் குறை பலருக்கும் உறைப்பதில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டி கண்ணுக்குள் இல்லாமல் கண்குழியில் வந்தால் அறிகுறி மாறும். கண் வெளியே தள்ளும். காணும் பொருள் இரண்டிரண்டாகத் தெரியும். மார்பகப் புற்றுநோயில் சிலருக்கு இதற்கு நேர்மாறாகக் கண் உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள வில்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், இவ்வாறு பாதிக்கப்பட்ட 420 நோயாளிகளின் 520 கண்களை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மூல நோய் 47 விழுக்காட்டினருக்கு மார்பகத்திலும், 21 விழுக்காட்டினருக்கு நுரையீரலிலும் இருந்தது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: 34 விழுக்காட்டினர், கண்ணில் கோளாறு என்று வந்தபோது தங்களுக்குப் புற்றுநோய் இருப்பதையே அறியாதவர்கள். அவர்கள் விஷயத்தில் முதலில் குரல் கொடுத்தது கண்தான்.

சொல்லாமல் விடுவதால் வரும் வினை

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. அம்மாவுக்கு மார்பகத்தில் புற்றுநோய் என்றால் அவரிடம் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "சின்னக் கட்டிதான்மா, எடுத்தாச்சு" என்று பிள்ளைகள் ஆறுதல் சொல்வார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து அதே தாயார் பார்வை மங்கி, தனியாகக் கண் மருத்துவரிடம் போகிறார். முன்பு ஏதாவது நோய் உண்டா என்று கேட்டால், "இனிப்புநீர் இருக்கு டாக்டர், வேற ஒன்னும் இல்ல" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனிப்புநீரும் பார்வையை மங்கச் செய்யும் என்பதால் பழி அதன் தலையில் விழுந்துவிடலாம். மார்பகப் புற்றுநோய், சிகிச்சை முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் வேறு உறுப்பில் தலைகாட்டக்கூடியது. அறிந்தே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். மார்பகத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுபவர்களோ அவர்களைவிட அதிகம்.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்க வைப்பதால் மட்டும் இந்த நோய் பிடிபடாது. கருமணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பின்புறத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும். இளமஞ்சள் நிறத் திட்டுகள் அங்கே தெரிந்தால், கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட், ஓ.சி.டி. எனப்படும் விழித்திரைப் படம் ஆகியவை எடுக்கப்படும். பிறகு மூல நோய் எங்கே இருக்கிறது, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று உடல் முழுவதும் ஸ்கேன் செய்வார்கள். மூளையையும் பார்ப்பது வழக்கம்.

கண்ணில் தெரிவது, நோய் உடலில் பரவிவிட்டதற்கான அடையாளம் என்பதை மறைக்க முடியாது. பலருக்கு அது முழுக் குணத்தை எதிர்பார்க்கும் கட்டம் அல்ல. அதற்காகப் பார்வையையும் கைவிட வேண்டும் என்பதில்லை. கதிரியக்கச் சிகிச்சையை இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிறுசிறு தவணைகளாகக் கொடுப்பார்கள். பலருக்குக் கட்டி சுருங்கி, நீர் வற்றி, பார்வை நிலைபெறுகிறது, சிலருக்குத் திரும்புகிறது. மருந்துகளும் கைகொடுக்கின்றன. ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. ஆசியர்களின் நுரையீரல் புற்றுநோயில், குறிப்பாகப் புகைபிடிக்காதவர்களிடம், இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது. அதைக் குறிவைக்கும் ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளால் கண்ணிலுள்ள கட்டியும் சுருங்குவதுண்டு. கண்ணையே எடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான் பலரை வீட்டிலேயே நிறுத்துகிறது. பார்வை முற்றிலும் போய், தாங்க முடியாத வலியும் இருந்தால்தான் அந்தப் பேச்சே எழும்.

நீர் கோத்த விழித்திரை நெடுநாள் அப்படியே கிடந்தால் அதன் உயிரணுக்கள் மடிந்துவிடும். பிறகு கட்டி சுருங்கினாலும் பார்வை மீள்வது கடினம். ஆகவே, முன்பு புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் பார்வையில் புதிதாக மாற்றம் தெரிந்தால், அடுத்த தவணைப் பரிசோதனை வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கும்போதே பழைய நோயையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும். பழைய மருத்துவக் கோப்பு இருந்தால் கையோடு எடுத்துச் செல்லலாம். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை கூசி மங்கலாக இருக்கும். வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவர் போகத்தான் வேண்டும். அந்தத் துணை, அம்மாவின் அந்தச் 'சின்னக் கட்டி' என்னவென்று தெரிந்த பிள்ளையாக இருக்கட்டும்.