பிளஸ் டூ முடித்த பிள்ளையும் ராணுவ அதிகாரி ஆகலாம்



ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து மஹல்லாக்களில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். உழைத்துச் சாப்பிடுவது கண்ணியமான காரியம். ஆனால் வேறு வழி இருப்பது தெரியாமலே போவதுதான் வருத்தம்.

சென்ற ஆண்டு ஒரு தாய் தம் மகனோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை. ராணுவ அதிகாரியாக ஆசை. ஆனால் வயது இருபதைத் தாண்டிவிட்டது. தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேரும் வாய்ப்பு அவருக்குப் போய்விட்டது. அடுத்த பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

என்ன படிப்பு?

புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது இந்த அகாடமி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் அதிகாரிகளாகப் போகிறவர்கள் இங்கே மூன்று ஆண்டுகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கும். பிறகு அவரவர் படைக்குரிய அகாடமியில் பயிற்சி; தரைப்படைக்கு டேராடூன். நான்கு ஆண்டு அக்னிவீர் சேர்க்கை வேறு, இது வேறு. இது அதிகாரிப் பணி.

யார் விண்ணப்பிக்கலாம்?

பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தரைப்படைக்கு எந்த குரூப்பும் போதும். மற்ற இரண்டுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பின், 2022 முதல் பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். இதில் சாதி, மத இடஒதுக்கீடு கிடையாது. வயதுச் சலுகையும் கிடையாது.

தேர்வு எப்படி?

மத்திய பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. சென்னையிலும் மையம் உண்டு. கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு இல்லை. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. அதில் ஆங்கிலம் மட்டும் 200. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும்.

எந்த குரூப் படித்தாலும் கணிதத் தாள் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே கணக்கையும் ஆங்கிலத்தையும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கவனியுங்கள்.

எழுத்துத் தேர்வில் தேறினால் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. அதற்கு 900 மதிப்பெண். குழுவாகப் பேசுவது, ஒரு வேலையைச் சேர்ந்து முடிப்பது, மனநிலைச் சோதனை எல்லாம் இருக்கும். கூச்சமில்லாமல் பேசப் பழகிய பிள்ளைக்கு இது எளிது. பிறகு மருத்துவப் பரிசோதனை.

பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழையே ஏற்கிறார்கள். நம் வீடுகளில் ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருப்பது சகஜம். இப்போதே சரிசெய்து வையுங்கள்.

செலவும் வாழ்க்கையும்

படிப்பு, தங்குமிடம், உணவு அனைத்தும் அரசின் செலவு. சேரும்போது ஒரு தொகை கட்ட வேண்டும். கைச்செலவுக்கும் வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்ப வேண்டும். சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரிடும்.

விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, அணிவகுப்பு, வகுப்பு, விளையாட்டு என்று நாள் முழுக்க ஓட்டம்தான். முதல் ஆறு மாதம் கடினம். அழுது போன் செய்தால் உடனே "வந்துவிடு" என்று சொல்லிவிடாதீர்கள்.

மார்க்க விஷயத்தில்

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். தாடி வைக்க முடியாது; விமானப்படை வழக்கு ஒன்றில் 2016-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கால அட்டவணை தொழுகை நேரத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. அதே சமயம், ராணுவம் மவ்லவிகளையும் மார்க்க ஆசிரியர்களாக நியமிக்கிறது. 1948-ல் நவ்ஷேரா பகுதிப் போரில் ஷஹீதான பிரிகேடியர் முஹம்மது உஸ்மானும், 1978 முதல் 1981 வரை விமானப்படைத் தளபதியாக இருந்த இத்ரீஸ் ஹசன் லத்தீஃபும் நம்மவர்களே. உங்கள் ஆலிமிடம் கலந்து பேசி, பிள்ளையோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

வயது கடந்தவர்களுக்கு

பட்டதாரிகளுக்கு இன்னொரு வழி உண்டு. நமக்குப் பக்கத்திலேயே, பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி. இதற்கான சி.டி.எஸ். தேர்வில் ஆங்கிலமும் பொது அறிவும் மட்டுமே. கணிதத் தாள் இல்லை. 25 வயதுக்குள் சேர வேண்டும். பெண்களும் சேரலாம்.

மேலே சொன்ன பிள்ளை இப்போது ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிறார். வீட்டில் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளை இருந்தால், ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை நாங்களே உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.