ஒரே புல்வெளி, வேறுவேறு மண்

நியூசிலாந்தில் கறவை மாடுகள் ஆண்டின் பெரும்பகுதியைத் திறந்த மேய்ச்சல் நிலத்திலேயே கழிக்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அந்நிலம் முழுவதும் ஒரே பசுமையாகத் தோன்றும். ஆயினும், அதன் மண்ணிலுள்ள நைட்ரஜன் என்னும் தழைச்சத்து இடத்திற்கு இடம் வேறுபடுகிறது.

இவ்வேறுபாட்டிற்கு முதன்மையான காரணம் மாடுகளே. புல்லின் வழியாக மாடு உட்கொள்ளும் நைட்ரஜனில் சிறு பகுதியே பாலில் சேர்கிறது. பெரும்பகுதி சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. நிலமெங்கும் பரவலாக மேயும் மாடு, அச்சத்தைச் சிறுசிறு திட்டுகளாகவே திருப்பித் தருகிறது. தண்ணீர்த் தொட்டி, நுழைவாயில், மரநிழல் ஆகிய இடங்களில் மாடுகள் நெடுநேரம் நிற்பதால் அங்கு அது மேலும் மிகுகிறது.

சிறுநீர் விழுந்த இடத்தில் புல் கரும்பச்சையாகச் செழிக்கும். ஆனால், அங்குச் சேரும் நைட்ரஜன் ஹெக்டேர்க் கணக்கில் பல நூறு கிலோவிற்கு ஈடாகும். அவ்வளவையும் புல்லின் வேர்கள் உறிஞ்ச இயலாது. எஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி, மழைநீருடன் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் மிகுந்தால், கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்க நேரிடும்.

புல்லில் நைட்ரஜன் கூடினால் சிறுநீரிலும் அது கூடும். எனவே, மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 190 கிலோவிற்கு மேல் செயற்கை உர நைட்ரஜன் இடலாகாது என 2021ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் விதி நடைமுறைக்கு வந்தது. மண்ணை ஆய்வு செய்வோரும் தொட்டி, வாயில் ஓரங்களைத் தவிர்த்துப் பல இடங்களில் மண்ணெடுத்துக் கலந்தே சோதிக்கின்றனர். ஓரிடத்து மண்ணை மட்டும் சோதித்து உரமிட்டால், ஏற்கெனவே சத்து மிகுந்த இடங்களிலும் உரம் சேர்ந்து, நீரின் மாசு பெருகும்.