சீவாளியும் கொழும்பின் ஈரக்காற்றும்

நாதஸ்வரத்தின் ஒலி முதலில் எழுவது, வாசிப்பவரின் உதடுகளுக்கிடையே அடங்கிவிடும் சீவாளியில்தான். காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்னும் நாணலை நறுக்கி, உலர்த்தி, வேகவைத்து, நுனியைத் தட்டையாக்கி, அடியை நூலால் வரிந்து செய்யப்படும் இச்சிறு பொருள், கெண்டை எனப்படும் குறுகிய உலோகக் குழாயில் பொருத்தப்பட, அக்கெண்டை ஆச்சா மரத்தில் கடைந்த உலவு என்னும் நீண்ட குழலின் தலையில் செருகப்படுகிறது. நாதஸ்வர வித்துவான் டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் ஊராகிய திருவாவடுதுறை சீவாளித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அங்கு வெயிலில் உலர்ந்த சீவாளி, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்புக்கு வரும்போது வேறொரு காற்றுக்குப் பழக வேண்டியிருக்கிறது.

சீவாளியின் இரு இதழ்களும் நுனியில் மிகச் சிறிய இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்கின்றன. வாயினுள் காற்றமுக்கம் உயரும்போது அவை ஒன்றையொன்று நெருங்கி வழியை அடைக்க முற்பட, குழலினுள் சென்று தெறித்துத் திரும்பும் அமுக்க அலை அவற்றை மீண்டும் திறக்கிறது. நொடிக்குப் பல நூறு முறை நிகழும் இத்திறப்பும் அடைப்புமே சுரமாகக் காதில் விழுகின்றன. உலவின் உட்துளை மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு வடிவினது. அக்கூம்பின் கூர்முனை இல்லாதிருப்பதால், அம்முனை கொண்டிருக்க வேண்டிய கனவளவைச் சீவாளியும் கெண்டையும் சேர்ந்து ஈடுசெய்கின்றன. மென்மையான இதழ் அமுக்கத்துக்கு எளிதில் வளைந்து கொடுப்பதால், தன் உண்மையான கனவளவினும் பெரியதுபோல் இயங்கிச் சுருதியைத் தாழ்த்துகிறது. இத்தாழ்வு கீழ்ச் சுரங்களில் குறைவாகவும் மேற்சுரங்களில் மிகுதியாகவும் இருப்பதால், நடு ஷட்ஜம் சரியாக நிற்கையிலேயே மேல் ஷட்ஜம் இறங்கி ஒலிக்கும். உதட்டால் இறுக்கி அதை உயர்த்தலாம் எனினும், இரவு நெடுகிலும் சுவாமி வீதியுலாவில் வாசிப்பவருக்கு அது தாங்கக்கூடிய உழைப்பன்று.

ஆகவே நல்ல சீவாளியைத் தெரிவு செய்தல் விறைப்பை மதிப்பிடுவதில் தொடங்குகிறது. நார்கள் நேராகவும் நெருக்கமாகவும் ஓடி, இரு இதழ்களும் ஒரே தடிப்பில் அமைந்திருத்தல் வேண்டும்; ஓர் இதழ் தடித்து மற்றது மெலிந்திருந்தால் இரண்டும் ஒருசேர அசையாமல் ஒலி கரகரக்கும். சீவாளியை மட்டும் தனியே ஊதிப் பார்த்தால் இதை அறியலாம். நாதஸ்வரத்தின் வகையும் தெரிவை மாற்றும்: பாரி நாயனம் நீண்டது, தாழ்ந்த சுருதி உடையது. திமிரி குட்டையானது, உயர்ந்த சுருதி உடையது. ஆதலால் ஒன்றுக்குரிய சீவாளி மற்றதற்குப் பொருந்துவதில்லை.

ஈரம் இங்கு இருமுனையாகச் செயற்படுகிறது. முற்றிலும் உலர்ந்த சீவாளியின் இதழ்கள் விறைத்து, ஓரங்கள் சரிவரப் பொருந்தாமல் காற்றைக் கசியவிடுகின்றன. உமிழ்நீரில் ஊறும்போது நாணலின் செல்சுவர்கள் நீரை ஏற்றுப் பருத்து நெகிழ, ஓரங்கள் கூடி ஒலி திறக்கிறது. அளவு மீறினாலோ இதழ் துவண்டு, பலமாக ஊதியவுடன் மூடிக்கொள்கிறது. கொழும்பின் கடற்காற்றில் சீவாளி முழுதாக உலர்வது அரிது என்பதால், வறண்ட ஊரில் அளவாகத் தோன்றும் விறைப்பைவிடச் சற்றுக் கூடியதைத் தெரிவு செய்வதே இங்கு பொருத்தமானது. வாசித்து முடிந்தபின் துடைத்து, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைக்காவிடின் பூஞ்சணமும் பற்றும்.

திருத்தும் முறைகளில் மீளக்கூடியவற்றையே முதலில் கையாள வேண்டும். வாய் அகன்ற சீவாளி மிகுந்த காற்றைக் கேட்கும். ஈரமாக இருக்கையில் இதழ்களை விரல்களால் மெல்ல அமுக்கி அதை ஒடுக்கலாம். வாய் ஒடுங்கியதை இரு பக்கங்களிலும் பிடித்து நெருக்கியும், நாதஸ்வரத்தில் கட்டித் தொங்கும் ஊசியை உள்ளே செலுத்தியும் விரிக்கலாம். கெண்டையைச் சுற்றிய நூலைக் கூட்டியோ குறைத்தோ, அது உலவினுள் இறங்கும் ஆழத்தை மாற்றினால் சுருதி நுண்ணளவில் ஏறும் அல்லது இறங்கும். சீவுதல் கடைசி வழியாகவே இருக்க வேண்டும். ஏனெனில் இழைத்த நாரை மீண்டும் சேர்க்க இயலாது.

இடமும் தெரிவைத் தீர்மானிக்கிறது. கொழும்பின் ஆடிவேல் திருவிழாவில் இரதத்தின் முன்னே திறந்த வீதியில் கணீரென ஒலிக்கும் விறைத்த சீவாளி, பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்துக் கட்டிய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் போன்ற கல் மண்டபங்களில், சுவர்கள் ஒலியை உறிஞ்சாது திருப்பி அனுப்புவதால், காதைக் குத்தும். வித்துவான்கள் பல சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ மேளம் ஒழுங்கு செய்வோர், மண்டபத்துக்கு வந்தவுடன் வாசிக்கச் சொல்லாமல், சீவாளியை நனைத்து, மாற்றி, சுருதி சேர்ப்பதற்குக் கால் மணி நேரமாவது கலைஞர்களுக்கு ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.